முழங்கால் நோவும் பாண் ஓட்டோவும்: திருகோணமலையின் ஓர் ஒலித்தொடரும் அதன் நேயர்களும்

ஒரு சனிக்கிழமை காலை, திருகோணமலைச் சந்தையில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் கையை அங்கு கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் எட்டிப் பிடித்தார். “ரீச்சர், முழங்கால் நோ இப்ப எப்பிடி? அந்த எண்ணெயைப் பூசிப் பாத்தீங்களோ?” என்று கேட்டார். ஆசிரியைக்கு அந்த முகம் தெரியாது. தம்மிடம் படித்த பிள்ளை ஒன்றின் தாயாராக இருக்கலாம் என்று எண்ணி, பொதுவாக ஏதோ பதில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறார். நான்கு அடி நடந்த பிறகுதான், தராசுக்குப் பக்கத்தில் ஓர் அலுமினியச் சட்டிக்குள் நிமிர்த்தி வைத்திருந்த கைபேசியிலிருந்து தம்முடைய குரலே வருவதைக் கேட்டார். சந்தை இரைச்சலுக்கு மேலே ஒலி எழும்ப வேண்டும் என்பதற்காகவே அந்தச் சட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரும் கை வேலையை நிறுத்தாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியை திரும்பிப் போனார். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டார். அவர் தந்த வாங்கில் இருந்து அரை மணி நேரம் கதைத்துவிட்டு வந்தார். அன்று மாலை ஒலிப்பதிவுக்கு வந்தபோது அவர் சந்தோஷமாக இருக்கவில்லை, கலங்கித்தான் இருந்தார். “அந்த மனிசிக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். எனக்கு அவவின்ர பெயர்கூடத் தெரியேல்லை. இது என்ன சிநேகம்?” என்று எங்களிடம் கேட்டார். இந்த நிகழ்வு ஆய்வு அந்தக் கேள்விக்கு, ஆசிரியை பேசும் எங்கள் ஒலித்தொடர் (பொட்காஸ்ட்) எப்படிப் பதில் தேடியது என்பதைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் வெளியிலிருந்து வந்த ஆய்வாளன் அல்லன். மூன்றாவது அத்தியாயத்திலிருந்து இந்தத் தொடரின் ஒலித்தொகுப்பைச் செய்து வருபவன், நேயர்கள் அனுப்பும் குரல் செய்திகளை முதலில் கேட்பவனும் நான்தான். ஆகவே இங்கு எழுதுவதில் என் பற்றுதலும் இருக்கிறது, என் பிழைகளும் இருக்கின்றன. நேயர்கள் தங்கள் வீட்டு விடயங்களை நம்பிச் சொன்னவர்கள் என்பதால், தொடரின் பெயரையும் எவருடைய பெயரையும் இங்கு தரவில்லை.

தொடக்கம்

தொடர் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் பிறந்தது. அந்த மார்ச் மாத இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. தொலைக்காட்சி இல்லை, மின்விசிறி இல்லை, கச்சான் காற்று வீசும் இரவுகளில் முற்றத்தில் பாய் போட்டுக் கதைத்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. உவர்மலையில் வசிக்கும் ஆசிரியையும், கிண்ணியாவிலிருந்து வந்து நகரில் கைபேசி திருத்தும் கடை நடத்தும் ஓர் இளைஞரும் அப்படித்தான் கதைக்கத் தொடங்கினார்கள். அவர் ஆசிரியையிடம் படித்தவர் அல்லர். உடைந்த திரையை மாற்றிக்கொள்ள வந்தவரோடு ஏற்பட்ட பழக்கம். ஆசிரியை அவரை ‘மகன்’ என்று அழைப்பார், அவர் ‘ரீச்சர்’ என்பார். கடை பூட்டிய பிறகு, மின்சாரம் வரும் நேரம் பார்த்து, கைபேசியில் செருகும் சட்டைப்பை மைக் ஒன்றைக்கொண்டு பதிவு செய்தார்கள். கிழமைக்கு ஒன்று, அரை மணி நேரம்.

இருவரும் எடுத்துக்கொண்ட பொருள்கள் பெரியவை அல்ல. மூதூருக்கு லாஞ்சில் போன காலம், 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன்பு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு துறையைக் கடந்த ‘பாதை’ என்ற மிதவை, தம்பலகாமத்து வயல், வாடைக் காலத்தில் மீன் விலை ஏறும் விதம், கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டை வழியில் நிற்கும் மான்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவையாக இருந்தாலும், ஒருவர் மற்றவருக்குச் சொல்லும்போது அவை புதிதாயின. ஆசிரியைக்குத் தெரிந்த கிண்ணியாவும் அந்த இளைஞர் வளர்ந்த கிண்ணியாவும் ஒன்றல்ல என்பது இரண்டாம் அத்தியாயத்திலேயே வெளிவந்துவிட்டது.

வானொலிக் காலத்தை நினைக்காமல் இதைப் பேச முடியாது. இலங்கையில் 1925 டிசெம்பர் 16ஆம் திகதி வானொலி தொடங்கியது. பிற்காலத்தில் எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் முதலான அறிவிப்பாளர்களின் குரல்கள் கடல் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளிலும் வீட்டுக் குரல்களாகவே இருந்தன. அந்த அன்புக்கு அவர்களுடைய உச்சரிப்பும் குரல் வளமும் மட்டும் காரணமல்ல. பாட்டுக்கு முன்னால் அவர்கள் நேயர்களின் பெயர்களை ஊரோடு சேர்த்து வாசித்தார்கள். எங்கள் ஆசிரியை பாடசாலை நாட்களில் அஞ்சலட்டை எழுதிப் போட்டு, ஒரு மாலையில் தம் பெயரும் ‘திருகோணமலை’ என்ற சொல்லும் பெட்டிக்குள்ளிருந்து வந்ததைக் கேட்டவர்; யார் வாசித்தார், அதற்குப் பின் என்ன பாட்டு வந்தது என்பதை இன்றும் சொல்கிறார்.

இந்த நகரத்துக்கு வானொலியோடு வேறோர் உறவும் உண்டு. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே தன் சிற்றலை ஒலிபரப்பை ஆசியாவுக்கு அஞ்சல் செய்யும் நிலையத்தை 1980களில் திருகோணமலையில் அமைத்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. எங்கோ பேசப்பட்டவை பல ஆண்டுகளாக எங்கள் கரையிலிருந்து வானேறிப் பிற நாடுகளுக்குப் போயின. எங்கள் ஊர்க்காரர் இருவர் தங்கள் ஊரைப் பற்றித் தங்கள் பேச்சிலேயே பேசி, அது டோஹாவிலும் ரொறன்ரோவிலும் கேட்கப்படுவதை நான் பெரிய விடயமாக நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழுது எங்கே இருந்தது

முதல் சில மாதங்கள் தொடரை ஏறத்தாழ எவரும் கேட்கவில்லை. கேட்டவர்களும் முழுதாகக் கேட்கவில்லை. ஒலித்தொடர்களை வெளியிடும் தளங்கள், நேயர் எந்த நிமிடத்தில் விலகிப் போகிறார் என்பதை ஒரு கோடாக வரைந்து காட்டும். எங்கள் கோடு முதல் இரண்டு நிமிடங்களுக்குள்ளேயே சரிந்தது. அந்த இரண்டு நிமிடங்களில் என்ன இருந்தது என்று பார்த்தால், நீண்ட தொடக்க இசையும், “அன்பார்ந்த நேயர்களே” என்று ஆரம்பிக்கும் எழுதி வாசித்த வரவேற்புரையும் இருந்தன. ஆசிரியை மேடைத் தமிழில் வாசித்தார். அந்த இளைஞரோ, தம் வாயில் இயல்பாக வரும் ‘உம்மா’வையும் ‘வாப்பா’வையும் ‘தாய்’, ‘தந்தை’ என்று மாற்றி வாசித்தார். இருவரும் முற்றத்தில் கதைத்த கதை மைக்குக்கு முன்னால் வரவில்லை.

என் பிழை வேறு வகையானது. ஒலித்தொகுப்பு என்றால் சுத்தம் செய்வது என்று நான் நம்பியிருந்தேன். காகம் கரைந்தால் வெட்டினேன்; மின்விசிறி உறுமினால் வடிகட்டினேன்; சிரிப்பு நீண்டால் குறைத்தேன்; ஆசிரியை ஒரு சொல்லைத் தேடித் தடுமாறும் இடங்களை எல்லாம் ஒட்டி நேராக்கினேன். விளைவு, குரல்கள் எந்த ஊரிலும் இல்லாதவைபோல ஆயின.

ஒன்பதாவது அத்தியாயத்தைத் தொகுக்கும்போது எனக்குக் காய்ச்சல். பதிவை அப்படியே விட்டுவிட்டேன். பதினான்காவது நிமிடத்தில், ஆசிரியை தம் தாயாரின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ தன் வழக்கமான மெட்டை இசைத்துக்கொண்டு போனது. இளைஞர், “ரீச்சர், கொஞ்சம் பொறுங்கோ, பாண்காரன் போகட்டும்” என்றார். இருவரும் காத்திருந்தார்கள். மெட்டு தேய்ந்து தெருமுனையில் மறையும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு ஆசிரியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், ஆனால் குரல் மாறியிருந்தது.

அந்தக் கிழமைதான் முதல் குரல் செய்தி வந்தது. டோஹாவில் ஒரு சமையலறையில் வேலை செய்யும் பாலையூற்றுக்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். ஆசிரியையின் தாயாரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “அந்தப் பாண் ஓட்டோ எந்த ரோட்டால போகுது, அக்கா?” என்று மட்டும் கேட்டிருந்தார். பின்னால் பாத்திரங்கள் மோதும் ஓசை. நான் ஏழு முறை கேட்டேன் என்று நினைக்கிறேன்.

காதொலிப்பான்களின் வேலையைப் பற்றி 2022இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒலிபெருக்கியில் கேட்பவரைவிட, காதில் செருகிக் கேட்பவர் பேசுபவரைத் தமக்கு நெருங்கியவராக உணர்கிறார் என்பதும், குரல் தம் தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோலத் தோன்றுவது அதற்குக் காரணம் என்பதும் அதன் முடிவு. டோஹாவில் இருந்தவர் அப்படித்தான் கேட்டிருக்கிறார். ஆனால் கருவாட்டுக் கடைச் சட்டியை அந்த ஆய்வால் மட்டும் விளக்க முடியாது. அங்கே மூன்று கடைகள் சேர்ந்து கேட்டன. ஒருவர் சிரித்தால் மற்றவரும் சிரித்தார். அத்தியாயம் முடிந்ததும் அதைப் பற்றித் தமக்குள் வாதாடினார்கள். முன்பு தேநீர்க் கடை வானொலியைச் சுற்றி நடந்ததே அங்கும் நடந்தது. இரண்டு வகைக் கேட்பவர்களுக்கும் பொதுவாக இருந்தது, குரலுக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது என்ற உணர்வு என்றே நான் கருதுகிறேன். அந்த இடத்தை நான்தான் பல கிழமைகளாக வெட்டி எறிந்துகொண்டிருந்தேன்.

அதன்பின் வரவேற்புரை போனது. தொடக்க இசை எட்டு விநாடியாகக் குறைந்தது. இருவரும் பேச்சுத் தமிழில், தத்தம் வீட்டுச் சொற்களோடு கதைத்தார்கள். கிழமைதோறும் கடைசி ஆறு நிமிடங்கள் நேயர்களின் குரலுக்கு என்று ஒதுக்கப்பட்டன.

பரவிய வழியையும் சொல்ல வேண்டும். ‘பொட்காஸ்ட்’ என்ற சொல் 2004 பெப்ரவரியில் பென் ஹமர்ஸ்லி கார்டியன் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் வந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் பொட்காஸ்ட்டுகளைச் சேர்த்தது. அதன்பின் சந்தா எடுத்தவரின் கருவிக்கு அத்தியாயங்கள் தாமாக வந்து சேரும் முறை உலகெங்கும் பழகியது. திருகோணமலையில் எங்கள் நேயர்களில் மிகச் சிலரே அப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்குத் தொடர் வட்ஸ்அப்பில் ஒரு கோப்பாகப் போய்ச் சேருகிறது. டேட்டா காட் போட்டுக் கேட்பவருக்குக் கோப்பின் பருமன் பணம். 128 கிலோபிட் வேகத்தில் அரை மணி நேரம் ஏறத்தாழ 29 மெகாபைட் ஆகும். பேச்சுக்கு 64 கிலோபிட்டும் ஒற்றைத் தடமும் போதும் என்று மாற்றியபோது அது 14.4 மெகாபைட்டாக இறங்கியது. இந்தச் சிறு மாற்றத்துக்குப் பிறகு மூதூர்ப் பக்கத்திலிருந்து வரும் குரல்கள் கூடின. கைக்குக் கை மாறும் கோப்பைத் தளங்களின் கணக்கு பிடிப்பதில்லை. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். எத்தனை பேர் திரும்பிப் பேசுகிறார்கள் என்பதைப் பார்க்கத் தொடங்கினோம்.

சந்தைக்குப் பிறகு

இந்த மாற்றங்கள் எல்லாம் நடந்த பின்னர்தான் சந்தைச் சம்பவம் நடந்தது. தொடர் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. அதனால்தான் ஆசிரியையின் கலக்கம் எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. நேயர் ஒருவர் உரிமையோடு கையைப் பிடித்தது வெற்றிதானே என்று நான் சொன்னேன்.

டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு சமூகவியலாளர்கள் 1956இலேயே இந்த உறவுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் ஆகியவற்றில் தோன்றுபவர்கள் முகத்துக்கு முகம் பழகுவதுபோன்ற மாயையைத் தருகிறார்கள். பார்ப்பவர் அவரைத் தம் நண்பராகவே அறிகிறார். ஆனால் உறவு ஒரு பக்கமாகவே இருக்கிறது, அதன் போக்கை நிகழ்த்துபவரே தீர்மானிக்கிறார், இருவரும் சேர்ந்து அதை வளர்க்க வழியில்லை என்றார்கள். அதைத் ‘தூரத்திலிருந்து வரும் நெருக்கம்’ என்று அழைத்தார்கள். இதை ஆசிரியைக்குச் சொன்னபோது, அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “அவங்கட காலத்தில வட்ஸ்அப் இல்லை, மகன். எங்களுக்கு இருக்கு. அப்ப சாட்டுச் சொல்லேலாது” என்றார்.

அடுத்த அத்தியாயத்தில், கருவாட்டுக் கடை அம்மாவின் அனுமதியோடு, அந்தக் காலையில் நடந்ததை ஆசிரியை விவரமாகச் சொன்னார். தாம் முதலில் நழுவிப் போனதையும் மறைக்கவில்லை. பிறகு சொன்னது இது: “என்ர முழங்காலை உங்களுக்குத் தெரியும். உங்கட முழங்காலை எனக்குத் தெரியாது. ஆளுக்கு இரண்டு நிமிசம் சொல்லுங்கோ. ஒலிபரப்ப இல்லை, எனக்குத் தெரியிறதுக்கு.”

வந்து குவிந்த செய்திகளை நான் ஒழுங்குபடுத்தினேன். தாய் ஒருவர் பேசும்போது பின்னால் குழந்தை அழுதது. குச்சவெளி மீனவர் ஒருவர் வலை பின்னியபடியே பேசினார். பல்கலைக்கழக மாணவி ஒருவர் விடுதியின் படிக்கட்டில் இருந்து இரகசியக் குரலில் பேசினார். பலர் இரண்டு நிமிடத்தில் நிற்கவில்லை. ஆசிரியை ஒரு கோடு போட்ட கொப்பி வாங்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் என்று எழுதினார்: பெயர், ஊர், வீட்டில் யார், என்ன வருத்தம், எந்த அத்தியாயத்தைப் பற்றி என்ன சொன்னார். யாருக்காவது பதில் அனுப்புமுன் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். “மகளின்ர சோதனை முடிஞ்சுதோ?” என்று கேட்டுத் தொடங்கும் அவருடைய குரல் செய்தி கிடைத்த நேயர், அதற்குப் பிறகு வெறும் நேயராக இருக்கவில்லை. கொப்பி இப்போது நான்காவதாகிவிட்டது. எங்கள் தொடரின் மிகப் பெரிய கருவி எது என்று கேட்டால், மைக்கை நான் சொல்ல மாட்டேன்.

இதில் ஒரு வரம்பும் உண்டு, அதை அனுபவத்தில்தான் கற்றோம். சிலர் இரவு பதினொரு மணிக்கு அழைத்தார்கள். ஒருவர், ஆசிரியை தமக்கு மட்டும் சொல்ல வேண்டிய விடயத்தைப் பொதுவில் சொல்லிவிட்டதாகக் கோபித்தார். நூறு பேருக்கு ஒருவர் உற்ற நண்பராக இருக்க முடியாது. அப்படி இருப்பதாகக் காட்டிக்கொள்வது ஏமாற்று. ஆசிரியை இதை மறைக்காமல் சொன்னார்: கிழமைக்கு இரண்டு மாலைகள் பதில் அனுப்புவேன், மற்ற நாட்களில் என் வீட்டைப் பார்க்க வேண்டும். சொன்ன நாளில் அவர் தவறவில்லை. நேயர்கள் நேர அளவை ஏற்றுக்கொண்டார்கள்; சொல்லாமல் விட்டிருந்தால்தான் மனம் நொந்திருப்பார்கள்.

நேயரும் நேயரும்

நேயர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வட்ஸ்அப் குழுமம் ஒன்றை நேயர் ஒருவரே தொடங்கினார். அதன் முதல் மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: காலை வணக்கப் படங்கள், பகிரப்பட்ட வதந்திகள், தேர்தல் ஒன்றைப் பற்றிய வாய்த்தகராறு, கோபித்து வெளியேறியவர்கள். அதை நடத்தியவர் பிறகு ஒரே ஒரு விதி வைத்தார். எழுத்து வேண்டாம், படம் வேண்டாம், சொந்தக் குரலில் மட்டும் பேசலாம். தகராறு அன்றோடு குறைந்தது. தட்டச்சில் எழுதத் துணிகிற சொல் பலருக்கு வாயில் வருவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

டோஹாவில் இருந்த பாலையூற்றுக்காரரின் தாயார் ஒரு நாள் நகர வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அவர் குழுமத்தில், அம்மாவுக்கு வைத்தியசாலைச் சாப்பாடு இறங்கவில்லை, பார்க்க ஆளில்லை என்று மட்டும் சொன்னார். எவரிடமும் எதையும் கேட்கவில்லை. அன்று மாலை பார்வை நேரத்தில், அவரை நேரில் அறியாத ஒரு நேயர் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். மறுநாள் கிண்ணியாவிலிருந்து இன்னொருவர் தயிர் கொண்டு போனார். ஆறு நாட்கள் இப்படி முறை வைத்து நடந்தது. எங்கள் மூவருக்கும் இது தெரிந்தது இரண்டு கிழமைகளுக்குப் பிறகு, நன்றி சொல்லி வந்த ஒரு குரல் செய்தியில். இந்த முழு நிகழ்விலும் எனக்கு மிக முக்கியமான சான்று இதுதான். தொகுப்பாளர்களுக்குத் தெரியாமல், அவர்கள் தூண்டாமல், நேயர்கள் ஒருவருக்கொருவர் ஆகியிருந்தார்கள்.

முதல் ஒன்றுகூடல் டச் வளைகுடாக் கரையில் ஒரு பின்னேரம் நடந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாக நின்றார்கள். எவருக்கும் எவர் முகமும் தெரியாது. சில நிமிடங்கள் சங்கடமாகவே கழிந்தன. கடலை விற்கும் பையனிடம் ஒருவர் விலை கேட்டார். அவ்வளவுதான், பத்தடி தள்ளி நின்ற பெண் சட்டென்று திரும்பி, “நீங்கள்தானே பாதை கவிழப் பார்த்த கதை சொன்னவர்?” என்று கேட்டார். பிறகு எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்டு, ஆளைச் சரியாகச் சொன்னார்கள். நடுவயதுக்காரராக எல்லோரும் நினைத்திருந்த ஒருவர் பதினேழு வயதுப் பையனாக இருந்தார்.

நம்பிக்கையைக் கையாளுதல்

இத்தகைய உறவு பணமாக மாற்றக்கூடியது. தொகுப்பாளர் தம் வாயாலேயே வாசிக்கும் விளம்பரம் பொட்காஸ்ட் உலகில் விலை போவதற்குக் காரணம், நேயர் அதை நண்பர் சொல்லும் ஆலோசனையாகக் கேட்பதுதான். எங்களிடமும் வந்தார்கள். கூடிய வட்டி தருவதாகச் சொன்ன ஒரு சேமிப்புத் திட்டத்துக்கு ஆசிரியை நான்கு வரி வாசித்தால், ஓராண்டுச் செலவைத் தருவதாகச் சொன்னார்கள். எங்களுக்குப் பணம் தேவையாக இருந்தது; மைக் பழுதாகியிருந்தது. ஆசிரியை கொப்பியைப் புரட்டி, கணவனை இழந்த, மகன் அனுப்பும் பணத்தைச் சீட்டுக்கட்டி வைத்திருக்கும் மூன்று பெண்களின் பக்கங்களைக் காட்டினார். “நான் சொன்னா இவையள் போடுவினம்” என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. மைக்கை ஒரு நேயர் வாங்கித் தந்தார். இன்னொருவர் தமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று குறைப்பட்டார்.

நாங்கள் செய்த பெரிய தவறு வேறு. ஆசிரியைக்கு ஒரு முறை உடம்புக்கு முடியாமல் போக, மூன்று கிழமைகள் அத்தியாயம் வரவில்லை. ஏனென்று நாங்கள் அறிவிக்கவில்லை. இலவசமாகச் செய்யும் தொடருக்கு விளக்கம் சொல்ல வேண்டுமா என்று நான் நினைத்தேன். குழுமத்தில் பதற்றம் பரவியது. ஆசிரியை இறந்துவிட்டார் என்றுகூட ஒருவர் கேள்விப்பட்டிருக்கிறார். கருவாட்டுக் கடை அம்மா கடையைப் பூட்டிவிட்டு, விசாரித்து விசாரித்து உவர்மலை ஏறி, வாசலில் வந்து நின்றார். ஆசிரியையைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் படியில் இருந்து அழுதிருக்கிறார். ஒவ்வொரு கிழமையும் ஒரே நேரத்தில் ஒருவர் வீட்டுக்குப் போய் வந்துவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டால் அந்த வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். நிகழ்ச்சி நிற்பதற்கும் உறவு நிற்பதற்கும் நேயரின் காதில் வேறுபாடு இல்லை.

சென்ற ஆண்டு ஆசிரியையின் கணவர் காலமானார். இம்முறை அன்றே அறிவித்தோம். இளைஞர் இருபது விநாடிகளில் பதிவு செய்தார்: “இந்தக் கிழமை ரீச்சர் கதைக்கமாட்டா. நானும் கதைக்கேல்லை. நீங்கள் கதையுங்கோ.” மூன்று நாட்களில் வந்த குரல்களிலிருந்து நான் அந்த அத்தியாயத்தைத் தொகுத்தேன். யாரும் பெரிய ஆறுதல் மொழிகள் சொல்லவில்லை. ஆசிரியை எப்போதோ சொன்ன அவருடைய கணவரின் கதைகளை, அவர் சைக்கிளில் சீனக்குடாவுக்கு வேலைக்குப் போனதை, மரவள்ளிக் கிழங்குக்குச் சம்பல் அரைப்பதில் பிடிவாதம் பிடித்ததை, நேயர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலத் திருப்பிச் சொன்னார்கள். டோஹாக்காரர் மட்டும் கதை எதுவும் சொல்லாமல், தம் தாயார் பேசட்டும் என்று கைபேசியை ஊருக்கு இணைத்துக் கொடுத்திருந்தார்.

அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனபோது, வெந்நீர்க் கிணறுகளுக்கு அருகே, உறவினர்களுக்குச் சற்றுத் தள்ளி, பதினைந்து இருபது பேர் நின்றார்கள். ஆசிரியை ஈரச் சேலையோடு அவர்களிடம் வந்தார். எல்லோருடைய முகமும் இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. கருவாட்டுக் கடை அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்து, மகனுக்கு விசா வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது, வருகிற மாதம் போகிறான் என்று அவர் சொன்னார். ஆசிரியை, போகுமுன் அவனை ஒரு மாலை கடைக்குக் கூட்டிவரச் சொன்னார். தொடரைக் கைபேசியில் இறக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்.